உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர்

அன்புக் காக்கா,

சலாம். பதில் வராது என்று தெரிந்தும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கிறேன். இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். பெயர் போடமாட்டேன், உங்கள் தங்கச்சி என்று மட்டும்தான். உம்மா குர்ஆன் ஓதுவார், தமிழ் வாசிக்கமாட்டார். அதுதான் தைரியம்.

போன கிழமை உங்கள் மருமகளுக்கு, என் சின்னவளுக்கு, வாந்திபேதி. கண்கள் உள்ளே போய்விட்டன. கொதித்தாறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கரைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினேன். உம்மா ஓடிவந்து கோப்பையைப் பிடித்தார்.

"தண்ணி குடுக்காத மகள்! இன்னும் போகும். புள்ளயச் சாகடிக்கப் போறியா?"

அதே குரல், காக்கா. சூறாவளிக்குப் பிறகு, நாவிதன்வெளி வயலில் வாய்க்கால் தண்ணீரைக் குடித்துவிட்டு நீங்கள் வாந்திபேதியில் சுருண்டு வந்து விழுந்த நாளின் குரல். சாய்ந்த தென்னைகள் பாதையை மறித்துக் கிடந்தன. கல்முனை ஆசுபத்திரிக்கு எப்படிப் போவது? "உம்மா, ஒரு வாய் தண்ணி" என்று கெஞ்சினீர்கள். "கொஞ்சம் பொறுங்க மகன்" என்று ஈரத்துணியால் உங்கள் உதட்டைத் துடைத்தார். நீங்கள் குடிக்கவில்லை என்று தானும் குடிக்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் அசர் பாங்கு சொன்னபோது நீங்கள் இல்லை.

நான் இப்போது விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், தெரியுமா? ஆசிரியர்களுக்கு நடந்த சுகாதார வகுப்பில் ஒரு டொக்டர் விளக்கினார். அந்த வாந்திபேதியைக் கொண்டுவரும் கொலராக் கிருமி குடல் சுவரின் கலங்களுக்குள் போவதில்லையாம். வெளியே நின்றே நஞ்சை அனுப்புகிறது. நஞ்சேறிய கலம் அடக்கமுடியாமல் தண்ணீரைக் கொட்டுகிறது. ஆனால் உப்பும் சீனியும் சேர்ந்து நுழையும் வாசலை மட்டும் அந்த நஞ்சால் மூடமுடியவில்லை. அவை போகும்போது தண்ணீரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போகும். நஞ்சேறிய கலங்கள் சில நாட்களில் தாமாகவே உதிர, அடியிலிருந்து புதியவை வந்துவிடும். குடல் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். அதுவரை ஆள் காய்ந்துபோகாமல் பார்த்தால் போதும் என்றார்.

எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை ஓடவில்லை.

சின்னவள் பிழைத்துக்கொண்டாள். பிஸ்கட் கேட்டு அழத் தொடங்கிவிட்டாள். உம்மா மட்டும் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவனுக்கும் இதக் குடுத்திருந்தா?"

"இல்ல உம்மா. காக்காக்கு வந்தது வேற வருத்தம். தண்ணி சரிவராது."

"மெய்யாவா?"

"ஓம் உம்மா."

"வல்லாஹி எண்டு சொல்லு."

சொன்னேன். உம்மா மூச்சை விட்டுவிட்டு, சின்னவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பொய்ச் சத்தியத்துக்காக இப்போது நோன்பு பிடிக்கிறேன். உம்மா கேட்டால் ரமழானில் தவறிய நோன்பு என்கிறேன். அதுவும் பொய்தான், பாருங்கள். தொண்டை வறளும்போது உங்கள் நினைவைத் தாங்கமுடியவில்லை. உங்கள் மச்சானுக்கு, என் கணவருக்கு, எழுதலாமென்றால், அவர் சவூதியிலிருந்து பதிலைக் கசட்டில் பேசி அனுப்புவார். அதைக் கேட்க உம்மாதான் முதலில் வந்து குந்துவார். இந்த வீட்டில் இதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தனியாக இருக்கிறது, காக்கா. நான் செய்தது சரியா?

எனக்கு முந்தி உம்மா உங்களிடம் வந்தால், தண்ணீர் தந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா என்றுதான் முதலில் கேட்பார். அங்கே பொய் செல்லாது. அதனால் அவர் வாய் திறக்குமுன் தண்ணீர் கொடுங்கள். அன்று அவரும் குடிக்கவில்லையே. "எனக்கு இப்ப தாகமில்ல உம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். இங்கே என் வாயிலிருந்து அந்த உண்மை ஒருநாளும் வராது.

உங்கள் ஒரே தங்கச்சி