பிக்கப்பில் கத்தரீனாள் ஏறிய நாள்

ஏலப்பாறை, 3-11-74

பூசைக்குக் கத்தரீனாள் நடந்தே போய் வந்தாள். எட்டாம் மாதம். எஸ்டேட் பிக்கப்பை ஓட்டுகிறவன் பெண்டாட்டி நடக்கிறாளே என்று லயத்து வீடுகளில் கேலி. "அதுல ஏற மாட்டேன். செத்தாலும் இங்கனயே சாவுதேன்" என்கிறாள்.

போன வருஷம் அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பள்ளத்துக்குப் பள்ளம் பின்பக்கம் டொக் டொக் என்று இடி. பாதி வழியிலேயே வயிற்றுப்பிள்ளை போய்விட்டது. குலுக்கல் காரணமில்லை என்றார் டாக்டர். ஆனால் அவள் காதில் அந்தச் சத்தம்தான் நிற்கிறது. என் காதிலும்.

6-11

சத்தம், வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையின் ரப்பர் வளையத்தில், புஷ்ஷில். புதுசு வந்துவிட்டது. பழசைக் கழற்றத்தான் முடியவில்லை. அதன் இரும்பு உறை துருவேறிப் பட்டையோடு ஒட்டிக்கிடக்கிறது.

7-11

உறை வரவில்லை. சனியன். சம்மட்டி பிடித்துக் கை கொப்புளித்ததுதான் மிச்சம்.

8-11

பாக்டரியில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர் அழகுமலை அண்ணன் வந்தார். ரப்பரை எரித்து எடுத்தோம், ஒரே நாற்றம். பிறகு ஓட்டைக்குள் ஆக்சா பிளேடை விட்டு உறையை நீளவாக்கில் அறுத்து, உளியால் உள்பக்கம் மடக்கினார். தட்டியதும் விழுந்தது.

இன்னொரு பக்கத்து ரப்பர் பிய்ந்துகிடந்தது. அதைப் பார்த்தவர், "போன வருஷம் நீ மாட்டுனதா? போல்ட்டை எப்பிடிலே முறுக்குன?" என்றார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் தொங்க முறுக்கியதைச் சொன்னேன்.

"அதாம்லே. கீழ எறக்குனதும் ரப்பர் திருகிப் பிஞ்சிரும். தரையில நிறுத்தி, பாரத்தோட முறுக்கணும்."

அவளை ஏற்றிப்போகுமுன் மாட்டியதல்லவா அது. அப்போ நான்தானா? அந்தச் சத்தம் என் கையால் வந்ததுதானா?

9-11

நான் தப்பாக முறுக்கியதையும், இனிப் பாரத்தோடு முறுக்க வேண்டியதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். சோற்றில் குழம்பை ஊற்றினாள்.

10-11

இரண்டு பக்கமும் புது புஷ் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு உரமூட்டை ஏற்றினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் வந்து நின்றாள்.

"பாரம் வேணும்னீங்கல்ல. நானும் ஏறட்டா?"

பெட்டி ஒன்றைப் படியாகப் போட்டுக் கைகொடுத்தேன். மூட்டைமேல் உட்கார்ந்தாள். அடியில் படுத்து போல்ட்டை முறுக்கினேன். கண் மறைத்தது.

"அழுவாம முறுக்குங்க" என்றாள் மேலிருந்து.

கண்ணில் துரு விழுந்துவிட்டது என்றேன்.

14-12

ஆஸ்பத்திரியிலிருந்து பிக்கப்பிலேயே வீடு வந்தோம். குழந்தை ரோசி வழியெல்லாம் தூக்கம். அவள் அம்மாதான் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். நானும்தான். லயத்து வாசலில் இறங்கும்போது சொன்னாள்.

"சத்தமே கேக்கலங்க."