மூன்றாவது வளைவின் சுவரைக் குறைத்தது நான்தான்

என் அத்தானுக்கு,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. நீங்கள் போனபின் வரும் மூன்றாவது சாரல். ஐந்தருவிப் பக்கம் கார் நகர இடமில்லை. வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களில் ஒருவருக்கும் உங்கள் சைக்கிள் பாதையைப் பற்றித் தெரியாது. போய்ப் பார்க்கவும் அங்கே இனி ஒன்றும் இல்லை. நீங்கள் கட்டிய ஏழு வளைவும் போய்விட்டன.

இதை உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உங்கள் மேல் நான் சொன்ன பொய் நாலு பேர் அறியச் சொன்னது. அதனால் இந்தக் கடிதத்தையும் நாலு பேர் படிக்கட்டும்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து மலையடிவாரத்து விடுதித் தோட்டத்தில் மேற்பார்வைக்குச் சேர்ந்தீர்கள். தங்க வருகிறவர்கள் மலைச்சரிவில் சைக்கிள் ஓட்ட ஒரு பாதை வேண்டும் என்றார் முதலாளி. உங்களுக்கு அது போதும். கொத்தனார் வேலை பார்க்கிற மைத்துனன் கையோடு இருந்தேன், என்னையும் இழுத்துப்போட்டுக்கொண்டீர்கள்.

வேகமாக இறங்கும் சைக்கிள் தட்டையான வளைவில் வெளியே வழுக்கிவிடும். வளைவின் வெளிப்பக்கம் மண்சுவர் எழுப்பி, அதன் முகத்தைச் சட்டியின் உட்புறம் மாதிரிச் சாய்த்துவிட்டால், சைக்கிள் அதில் ஏறிச் சாய்ந்து தானாகத் திரும்பும். கைபேசியில் படம் காட்டி அதற்குப் பெர்ம் என்று பெயர் சொன்னீர்கள். எனக்கு அது வாயில் நிற்கவில்லை. வீட்டுக்குச் சாய்ப்பு இறக்குகிறவன் நான். சாய்ப்பு என்றே சொன்னேன். கடைசியில் நீங்களும் அப்படியே சொன்னீர்கள்.

அடியில் கல், அதன்மேல் செம்மண்ணில் கொஞ்சம் குளத்துக் கரம்பை மண் கலந்து அரையடி, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடி, பிறகு அடுத்த அரையடி. ஒரு சுவருக்கு இத்தனை பாடா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். சிமெண்டு பூசினால் அரைநாளில் முடியுமே என்றேன். “மண்ணுன்னாத்தான் டயரு கடிச்சுப் பிடிக்கும்லே,” என்றீர்கள்.

மூன்றாவது வளைவுதான் பெரியது. பாறைச் சரிவு முடிந்து வேகம் கூடி வருகிற இடம் அது. நாலரை அடி உயரம் வேண்டும் என்று நின்றீர்கள். எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு சைக்கிளைக் கொடுத்து என்னை மேலே அனுப்பினீர்கள். “பிரேக்க வளைவுக்கு முன்னாடியே முடிச்சிரு. உள்ள போனப்புறம் தொடாத. கண்ணு வெளியேறுத இடத்துல இருக்கட்டும்.” நான் பயந்துகொண்டேதான் விட்டேன். சுவர் என்னை வாங்கிக்கொண்டது. உடம்பு கனத்துச் சீட்டோடு அழுந்தியது, அடுத்த நொடி மறுபக்கம் திரும்பியிருந்தேன். டயர் போன தடம் மேல்விளிம்புக்கு ஒரு சாண் கீழே இருந்தது. கைவைத்து அளந்து பார்த்தேன். அந்த உயரம் எதற்கு என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், அத்தான். தெரியாமல் செய்யவில்லை.

அந்தப் பாதையில் உங்களுக்கு அடுத்து நன்றாக ஓட்டியது உங்கள் மகள் கோமதிதான். கல்லூரி விடுமுறையில் எல்லா ஞாயிறும் வருவாள். மூன்றாவது வளைவில் அவள் சாய்வதை நீங்கள் கீழே நின்று பார்ப்பீர்கள். ஒருநாளும் நன்றாக ஓட்டினாய் என்று சொல்லிக் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் பிரேக் பிடி என்பீர்கள், அவ்வளவுதான். ஏன் அத்தான், ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?

பிறகு நீங்கள் ஆலங்குளம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்துக் கண்டக்டர் இரண்டு நிறுத்தம் எழுப்பவில்லையாம்.

நீங்கள் போன மறுவருடம் விடுதியில் புதுக் குடில்கள் கட்டினார்கள். கொத்து வேலை எனக்கு. குடில் வாசலில் உட்கார்ந்தால் மலை தெரியவில்லை, உங்கள் சுவர் மறைக்கிறது என்றார் மேலாளர். ஒன்றரை அடி குறைக்கச் சொன்னார். ஆபத்து என்று ஒரே ஒரு முறை சொன்னேன். “வேற கொத்தனாரு ரெண்டு பேரு கேட்டுட்டு நிக்காவ,” என்றார். ஒரு பகல் முழுக்கக் கடப்பாரை போட்டேன். நீங்கள் இடித்து இறுக்கிய மண் லேசில் பெயரவில்லை. வெட்டிய இடம் அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று மேலே சிமெண்டு பூசி வழவழவென்று தேய்த்தும் கொடுத்தேன்.

கோமதி அப்போது திருநெல்வேலியில் தங்கி எஸ்.ஐ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். உடற்தகுதித் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தை மாதம் வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா பாதையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்று என்னிடம்தான் முதலில் சொன்னாள். சுவர் குறைந்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். யார் குறைத்தது என்று கேட்பாளே. சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொன்னேன்.

அவள் பழைய வேகத்திலேயே வந்திருக்கிறாள். ஏறிச் சாய்ந்த இடத்தில் சுவர் இல்லை. சைக்கிளோடு வெளியே போய்க் கல்லில் விழுந்தாள். காறை எலும்பும் இடது மணிக்கட்டும் முறிந்தன. தென்காசி ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போதுகூடத் தேர்வுத் தேதியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதுவரை நடந்ததற்காவது பிழைப்பு, பயம் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இனிச் சொல்வதற்கு எதுவும் கிடையாது.

மேலாளர் ஒரு தாளோடு வந்தார். பாதையைக் கட்டியவர் காலமாகிவிட்டார், முறையான அளவு தெரியாமல் கட்டியிருக்கிறார், அதன்பின் யாரும் அதில் கைவைக்கவில்லை என்று எழுதியிருந்தது. உடன் வேலை பார்த்த கொத்தனார் என்று நான் கையெழுத்துப் போட்டேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர்களிடம் வாயாலும் சொன்னேன். செத்தவர் எழுந்து வந்தா கேட்கப் போகிறார் என்று நினைத்தேன் அத்தான். அப்படியே, இதே வார்த்தையில் நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டில் கோமதி, கையைத் தூளியில் போட்டுக்கொண்டு, என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, அப்பா கட்டுனதே தப்பா?”

“ஆமாட்டி,” என்றேன்.

அவள் அழவில்லை. உள்ளே போய், நீங்கள் சைக்கிளில் சாய்ந்து வருகிற படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே உங்களைத் திட்டினாள். “இருந்தப்பவும் அந்த மண்ணுலயே கெடந்தாரு. போயும் எம் பிள்ளைய விடல பாத்தியா?” நான் குழம்பு ஊற்றச் சொன்னேன்.

சித்திரையில் விடுதிக்காரர்கள் பாதையையே மட்டமாக்க முடிவு செய்து, கூட நின்று பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு வளைவு போனது. மூன்றாவதில் ஜேசிபி பாதிச் சுவரை வெட்டியதும் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

“அண்ணாச்சி, அடில பாறை கணக்கா இருக்கு. யாரோ நல்லா கட்டியிருக்காவ. மேலதான் எவனோ வெட்டி நாசம் பண்ணியிருக்கான்.”

வெட்டுவாயில் எல்லாம் தெரிந்தது. அரையடி அரையடியாக உங்கள் மண். அதன் தலையில் என் சிமெண்டு. ஒரு ஜேசிபிக்காரர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்ததை நான் மூன்று மாதமாக மூடிவைத்திருக்கிறேன். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கோமதிக்குப் போன் போட்டேன்.

ஆட்டோவில் வந்து இறங்கினாள். வெட்டுவாயைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். குறைத்தது, பூசியது, சாப்பிட்டுவிட்டுப் போ என்றது, கையெழுத்து. வலது கையால் அந்த மண்ணை ஒரு தரம் சுரண்டிப் பார்த்தாள். நகத்துக்கு வரவில்லை. கைபேசியில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“இத எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? சொல்லுத இடத்துல போய்ச் சொல்லுங்க.”

அந்தப் பேச்சில் மாமா என்ற சொல் இல்லை. அதன்பிறகும் இல்லை.

மறுநாளே காவல் நிலையத்துக்குப் போய் முதலில் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். விடுதிக்காரர்கள் மீதிச் சுவர்களை அதற்குள் இடித்துவிட்டார்கள். எனக்கு இப்போது குற்றாலத்தில் யாரும் வேலை தருவதில்லை. வாசுதேவநல்லூர்ப் பக்கம் போய் வருகிறேன். அதில் எனக்குப் புகார் இல்லை. அக்காவுக்கும் போய்ச் சொன்னேன். கதவு நிலையிலேயே நிற்க வைத்துக் கேட்டாள். “என் புருசன என் வாயாலயே திட்ட வச்சிட்டியே,” என்று கதவைச் சாத்திவிட்டாள். சன்னல் வழியே பார்த்தேன். உங்கள் படம் பழைய இடத்துக்கு வந்திருக்கிறது.

கோமதி அடுத்த தேர்வுக்குத் தயாராகிறாள். தண்டால் எடுக்கும்போது மணிக்கட்டு இன்னும் வலிக்கிறதாம். யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். தேறுவாளா, அத்தான்? தேறாமல் போனால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

வழக்கு முடிய இன்னும் பல வாய்தா ஆகும் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வருவேன். மூன்றாவது வளைவின் சுவரைக் குறைத்தவன் நான்தான் என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன். கூண்டில் நிற்கும்போது கோமதி எதிரே உட்கார்ந்திருந்தாலும், அவள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன், உங்களிடமும் சரி, அவளிடமும் சரி. கேட்டுவிட்டால் கொடுக்க வேண்டிய கஷ்டம் உங்கள் இரண்டு பேருக்கும் வந்துவிடும்.

அக்கா வீட்டுப் படி ஏற முடியாத உங்கள் மைத்துனன்,
கோமதிக்குத் தாய்மாமனாக இருந்த
முருகேசன்