கறுப்பு கவுன் எனக்கு ஆகாது

ரெபோலோ, பாரன்கீயா
டிசம்பர் 9

அன்பு மகள் டார்லிஸுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் உன் தம்பி எய்டரும் சுகம், டிசம்பர் காற்று வந்துவிட்டதால் மத்தியானத்தில்கூட மின்விசிறி இல்லாமல் உட்கார முடிகிறது. மாட்ரிட்டில் குளிர் எலும்பைத் துளைக்கிறது என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டரைப் பெற்றவளுக்கு வைத்தியம் பார்க்க டாக்டருக்கு நேரமில்லை. நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. சாக்லேட்டை மறுநாளே தீர்த்துவிட்டோம். கறுப்பு கவுனை நான் போடவில்லை, போடவும் மாட்டேன். கோபப்படாமல் முழுக்கப் படி.

எய்டருடைய ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் திறந்ததற்குப் போன சனிக்கிழமை காக்டெய்ல் விருந்து வைத்தார்கள் இல்லையா, ஒவ்வொரு டாக்டரும் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம் என்று. அழைப்பிதழின் அடியில் 'காக்டெய்ல் உடை' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. உடனே நீயும் உன் தம்பியும் போனில் கூடிப் பேசி, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது, மினுமினுப்பு ஆகாது, கையளவுப் பை போதும் என்று நீ எனக்குப் பட்டியல் அனுப்புகிறாய். கொல்லன் தெருவில் வந்து ஊசி விற்கிறாயே மகளே. பத்தொன்பது வருஷம் இந்த ஊர்ப் பெரிய வீட்டு விருந்துகளில் தட்டு ஏந்தினவள் நான். கோப்பையை இடது கையில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கை குலுக்கும்போது வலது கை சில்லென்று ஈரமாக இருக்கும், பலகாரத்தைக் கடித்துவிட்டுக் குச்சியைத் திரும்பத் தட்டில் போடக்கூடாது, இதெல்லாம் அந்தப் பெரிய மனுஷிகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி தரையைக் கூட்டிக்கொண்டு வருகிறவள் யார், கடலில் குளிக்கப் போகிற மாதிரி வருகிறவள் யார் என்று வாசலில் கால் வைக்கும்போதே சொல்லிவிடுவேன்.

கறுப்பு எந்த விருந்துக்கும் தப்பாகாது என்கிறாய். உனக்குத் தப்பாகாது. எனக்குக் கறுப்பு என்றால் சீருடை. எய்டர் வேறு, "அம்மா, நீ கறுப்பே போட்டுக்கோயேன், யாரும் உன்னைக் கவனிக்கமாட்டாங்க" என்றான். பெற்ற பிள்ளை வாயிலிருந்தே அது வந்தது. யாரும் கவனிக்காதபடி நடமாடுவதற்குத்தானே எனக்கு அத்தனை வருஷம் கூலி கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு மாரெல்விஸிடம் துணி கொடுத்து மாம்பழ மஞ்சளில், முழங்காலுக்கு நாலு விரல் கீழே, முழங்கை வரை கை வைத்துத் தைத்துக்கொண்டேன். அழைப்பிதழ் கேட்டதில் ஒரு நூல் குறையில்லை. எய்டர் பார்த்தான், டாக்ஸியில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். நான் எதற்குப் பயந்தேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். பணக்காரர்களுக்கு இல்லை. யாராவது இவர் யார் என்று கேட்டால் அவன் 'எங்க அம்மா' என்று சொல்வானா, இல்லை மென்று முழுங்குவானா, அதற்குத்தான்.

உள்ளே போனால் விருந்துக்கு வந்த பெண்கள் எல்லாரும் கறுப்பு. தட்டு ஏந்துகிற பெண்களும் கறுப்பு. கழுத்து நகையைப் பார்த்துத்தான் யார் எவர் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்காது, எல்விரா பாப்பா வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி முதலாளியின் மனைவி, நான் அதிகம் வேலை பார்த்ததே அவள் வீட்டில்தான். அறுபத்துமூன்று வயதாகிறது, ஆனாலும் வேலைக்காரர்கள் சாகிற வரைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிட வேண்டும், இந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா. "ஏய் நூரிஸ், நீயா, நல்லவேளை வந்தே. இந்தப் பொண்ணுங்களுக்குத் தட்டு பிடிக்கவே தெரியலை, கொஞ்சம் உள்ள போய் என்னன்னு பாரேன்" என்று சொல்லிக்கொண்டே காலிக் கோப்பையை என்னிடம் நீட்டினாள். பழக்கதோஷம், என் கை அதை வாங்கியும் விட்டது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எய்டர் பக்கத்தில்தான் நின்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தன் ஷூவைப் பார்த்தான்.

சரி, நமக்கு நாமே வாய் என்று நினைத்துக்கொண்டு, "எல்விரா, நான் இன்னைக்கு வேலைக்கு வரலை, டாக்டர் எய்டரோட அம்மாவா வந்திருக்கேன், உன் கோப்பை இந்தா" என்று அவள் கையிலேயே திருப்பி வைத்தேன். பாப்பா இல்லை, வெறும் எல்விரா. அவள் முகம் சுண்டிப்போனது. "அதுக்கென்ன, ஒரு பேச்சுக்குத்தானே சொன்னேன்" என்று சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் அவள் புருஷன் வந்து, "எய்டர், இவங்க யாரு" என்று கேட்டார். அந்த மனிதர் என் தட்டிலிருந்து எத்தனை நூறு மரவள்ளி வடை எடுத்துத் தின்றிருப்பார், என் முகம் அவருக்குத் தெரியவில்லை. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன், இந்த முறை நான் சொல்வதாக இல்லை. உன் தம்பி அவரை நிமிர்ந்து பார்த்தான். "எங்க அம்மா சார். உங்க வீட்டு விருந்துல தட்டு ஏந்தித்தான் என்னைப் படிக்க வச்சாங்க" என்றான். சொல்லியே விட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அதன் பிறகு நின்று நிதானமாக நாலு வடை சாப்பிட்டேன், உப்பு குறைவு.

முதல் தடவை அவன் குனிந்துகொண்டதை மன்னித்துவிட்டேன், மறக்கவில்லை, அவனிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். எல்விரா மனதில் வைத்துக்கொண்டு அவன் வேலைக்கு உலை வைத்தால் வைக்கட்டும், வேறு ஆஸ்பத்திரிக்கா பஞ்சம். கவுனை மாரெல்விஸின் மகள் கேட்டாள், கொடுத்துவிட்டேன், அவளுக்குக் கறுப்பு எடுப்பாக இருக்கிறது.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும், நோய்நொடி அண்டாமல் நூறு வயது இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் பாக்கி. மாட்ரிட்டில் உன் சிநேகிதிகளிடம் அம்மா விழா நடத்தும் கம்பெனியில் அதிகாரியாக இருந்தாள் என்று சொல்லி வைத்திருக்கிறாயாம், விருந்திலிருந்து திரும்பி வரும்போது எய்டர் உளறிவிட்டான். இனி யாராவது கேட்டால் தட்டு ஏந்தினாள் என்று சொல். உனக்கு வாய் வராவிட்டால் போனை அவர்களிடம் கொடு, நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
நூரிஸ்