ஆறாட்டு நாளில் புறப்பட்டவருக்கு

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பும் மரியாதையும் உள்ள உங்களுக்கு, பாகீரதி நமஸ்காரம்.

இங்கே நானும், மாவுக்கட்டுப் போட்ட என் வலது காலும் சௌக்கியம். அங்கே லண்டனில் நீங்களும், நம் மீராவும், அவள் கணவர் செல்வினும் சௌக்கியம் என்று நேற்றே போனில் தெரிந்துகொண்டேன். பிறகு எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நான் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் "சரி சரி, சார்ஜ் போயிடும்" என்று வைத்துவிடுவீர்கள். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் திட்டிவிடுகிறேன். பயணத்துக்கு நாள் பார்த்தது யார்? "சுவாமி புறப்படற அன்னிக்கு நாமும் புறப்பட்டா, அதைவிட நல்ல நாள் ஏது?" என்று ஐப்பசி ஆறாட்டு நாளையே பிடித்தீர்கள். முப்பது வருஷமாக பத்மநாபசுவாமிக்குப் பின்னால் வெறுங்காலோடு, அவர் நீராடும் சங்குமுகம் கடற்கரைக்கு நடக்கிறவர் நீங்கள். ஊர்வலம் விமான நிலையத்து ஓடுபாதையைக் கடந்துதான் கடலுக்குப் போகும், அந்தச் சாயங்காலம் முழுக்க ஒரு விமானமும் பறக்காது என்று ஊருக்கே தெரியும். அந்த ஓடுபாதையில்தான் உங்கள் விமானமும் ஓடவேண்டும் என்று மட்டும் உங்களுக்குத் தோன்றவில்லை. அடுத்த வீட்டு ராஜஸ்ரீயிடம் சொன்னேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

ஆறேகால் மணி விமானத்தை ஒன்பதே முக்காலுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று செல்வின் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மும்பையில் ஐந்தேகால் மணி நேரம் இருந்த இடைவெளி ஒன்றே முக்கால் மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. உங்களுக்கோ முதல் விமானப் பயணம், ஹிந்தி ஒரு அட்சரம் வராது. ஆனால் என் பயம் அது இல்லை. மும்பையில் அந்த லண்டன் விமானம் தவறியிருந்தால் நீங்கள் அடுத்ததைப் பிடித்திருக்க மாட்டீர்கள். "பகவானுக்கு இஷ்டமில்லை" என்று வீட்டுக்குத் திரும்பி வந்திருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

நாலு வருஷம் முன்னால் மீரா செல்வினைக் கல்யாணம் செய்துகொண்டபோது, "அந்த மார்த்தாண்டத்துப் பையன் பேரை என் காதில போடாதே" என்றீர்கள். அதோடு அவளிடமும் பேச்சு நின்றது. பிரசவத்துக்கு நான் போவதாக இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு, இனி அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் அழுதேன். நீங்கள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு "நான் போறேன்" என்றீர்கள். விசாவுக்கு எனக்குத் துணை என்று கொச்சி வரைக்கும் வந்து, உங்களுக்கும் விசா கேட்டுக் கைரேகை வைத்துவிட்டு வந்தீர்களே, அன்றைக்கே எனக்குச் சந்தேகம்தான்.

வெள்ளிக்கிழமை டாக்சி வந்தபோது மணி ஆறு. மேளச் சத்தம் மேற்குக் கோட்டையையும் தாண்டிப் போய்விட்டது. "பார்த்தியா பாகீரதி, சுவாமியே வழியை மறிக்கறார்" என்று செருப்பைப் போடாமல் நின்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மறிக்கவில்லை, கடக்கிறார், கடந்ததும் வழி விடுவார், ஏறுங்கள் என்று வாக்கரைத் தட்டிக் கத்தினேன். டிரைவர் வேலாயுதன்கூட "ஒண்ணும் பேடிக்கண்டா சாமி, சாக்கை வழி போகாம்" என்று தைரியமும் மாற்று வழியும் சொல்லிப் பெட்டியைத் தூக்கி வைத்தான். கத்தியதற்கு மன்னியுங்கள். கத்தாவிட்டால் நீங்கள் ஏறியிருக்க மாட்டீர்கள்.

அப்புறம் நான் தூங்கவில்லை. ஒன்றரை மணிக்கு உங்கள் போன் வந்தது. "ஏறியாச்சு. தூங்கு" என்றீர்கள். மூச்சு வாங்கியது. கேட்டதற்குப் படி ஏறினேன் என்றீர்கள். நானும் நம்பினேன்.

நேற்று மீரா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெட்டிக்குள் நான் வைத்த பிரசவ லேகிய பாட்டிலை, பெட்டி தொலைந்தால் என்ன செய்வது என்று கைப்பைக்கு மாற்றினீர்களாமே! இங்கே சோதனையில் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். மும்பையில், வெளிநாட்டு விமானத்துக்கான சோதனையில், குழைவான பண்டத்தைக் கையில் கொண்டுபோகக் கூடாது என்று எடுத்து வைத்துவிட்டார்கள். நீங்களும் அரை மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறீர்கள். எப்படி விட்டுவிட்டு நகருவீர்கள்? காபிகூடக் கலக்கத் தெரியாதவர், நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, உருளியில் இரண்டு மணி நேரம் கைவிடாமல் கிளறிய லேகியம் ஆயிற்றே. உங்கள் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம்.

அப்போதுதான் செல்வினுக்குப் போன் போட்டிருக்கிறீர்கள். நாலு வருஷத்தில் முதல் தடவை. நீங்கள் விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்னாராம்: "லேகியம் போகட்டு மாமா. நீங்க வந்தா போதும்." பக்கத்தில் படுத்திருந்த மீரா, சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டாளாம். நீங்கள் பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு, அறுபத்து நாலு வயதில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிக் கடைசி ஆளாக ஏறியிருக்கிறீர்கள். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இன்னும் நிற்கவில்லை.

லேகியத்துக்காக வருத்தப்படாதீர்கள். உங்கள் குணம் தெரிந்துதான் சுக்கு, ஓமம், கண்டதிப்பிலி எல்லாம் இடித்த பொடியில் பாதியைப் பெட்டியில், மீராவுக்கு வைத்த நூல் புடவைக்குள் சுருட்டி வைத்தேன். வெல்லமும் நெய்யும் அங்கே கிடைக்கும். கிளறத்தான் இப்போது உங்களுக்குத் தெரியுமே. கைமாற்றிக் கிளற மாப்பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

என் சாப்பாட்டை ராஜஸ்ரீ பார்த்துக்கொள்கிறாள். மாவுக்கட்டைப் பன்னிரண்டாம் தேதி பிரிப்பார்கள். இங்கே ஒரு குறையும் இல்லை. வீடு கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. அன்றைக்குப் போனில் மாப்பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று மீராவிடம் கேட்டேன். "ஹலோன்னார் அம்மா" என்று சிரித்தாள். போகட்டும், நாலு வருஷத்துக்கு அப்புறம் ஹலோ வந்ததே பெரிய விஷயம். நாளைக் காலை ஆபரேஷன். பகவான் கிருபையில் தாயும் குழந்தையும் நன்றாக இருப்பார்கள். செல்வின் வெளியே வந்து குழந்தையை உங்கள் கையில் கொடுக்கும்போது மட்டும், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ஹலோ என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் குரலுக்காகப் போனை மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கும்,
பாகீரதி