நவம்பருக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று அறுபத்து மூன்றாவது நாள். இன்று வீட்டிலிருந்தும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

காரணம் பின்னக் கணக்கு. கூடத்தில் மனைவி ஒன்பது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது சுற்றுவழி. நான் நேர்வழி சொன்னேன். மூன்று பிள்ளைகள் என் வழியில் போட்டார்கள், மூன்று பேருக்கும் தப்பாக வந்தது. அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நாலு மணிலேருந்து ஆறு மணி வரைக்கும் நீங்க இந்த வீட்ல இருக்கக் கூடாது. எங்க வேணா போங்க. என் தம்பியையும் கூட்டிட்டுப் போங்க, அவனும் கடையில உக்காந்து ஈதான் ஓட்டிட்டிருக்கான்" என்றாள்.

முப்பத்தைந்து வருடம் ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவனுக்குப் போக இடமா இல்லை? இல்லை. செருப்பை மாட்டிய பிறகுதான் அது தெரிந்தது.

மார்ச் 6, வியாழன்

மைத்துனனின் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே நகராட்சி அருங்காட்சியகம். இத்தனை வருடமாக எதிரே இருந்தும் நாங்கள் இருவரும் உள்ளே கால் வைத்ததில்லை. இன்று வைத்தோம்.

ஒரே கட்டடத்தில் இரண்டு அருங்காட்சியகம். கீழே நகர வரலாறு, மேலே மூன்று மாடியும் அறிவியல். டிக்கெட் ஜன்னலும் இரண்டு, உட்காரும் அம்மா மட்டும் ஒருவர். வரலாற்று ஜன்னலில் கிழித்துக் கொடுத்துவிட்டு எழுந்து, சுற்றி வந்து, அறிவியல் ஜன்னலில் உட்கார்ந்து, எங்களை ஜென்மத்தில் பார்த்திராதவர் போல "எத்தனை பேரு?" என்று கேட்டார்.

அறிவியலில் இருபத்தொரு பொத்தான்களை அமுக்கினோம். இரண்டு வேலை செய்தன. மற்றவற்றில் 'தற்காலிகமாக இயங்கவில்லை' என்ற அட்டை தொங்கியது. அட்டைகள் பழுத்து ஓரம் சுருண்டு கிடந்தன. நியாயமாக அவற்றைக் கீழே வரலாற்றில் வைக்க வேண்டும். ஆளுயரத்துக்கு ஓர் இதயம், அமுக்கினால் துடிக்குமாம். துடிக்கவில்லை. "பாவம் மாமா, இதுவும் உங்களோடதான் ரிட்டையர் ஆயிருக்கு" என்றான் மைத்துனன்.

உருப்படியான ஒன்று: இரண்டு பெரிய கிண்ணங்கள். ஹாலின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. ஒன்றுக்குள் முகத்தை நீட்டி முணுமுணுத்தால், முப்பதடி தள்ளி மற்றதில் தலையை நுழைத்திருப்பவருக்குக் காதோடு பேசுவதுபோல் கேட்கிறது. கரண்டே வேண்டாம் என்பதால் கெட்டுப்போக வழியில்லை. அறிவியலின் இந்த அற்புதத்தில் மைத்துனன் சொன்ன முதல் வாசகம்: "மாமா, பின்னாடி சொட்டை பெருசாயிடுச்சு."

லிஃப்ட் இருக்கிறது. அவன் படியில்தான் ஏறினான். இடது கால் கொஞ்சம் கட்டை, ஆனாலும் இருபத்தேழு வருடமாகப் படிதான். நானும் பின்னாலேயே ஏறினேன்.

மார்ச் 11, செவ்வாய்

இதயத்தின் பின்பக்கத்தைத் திறந்துவிட்டேன். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது என் குற்றமா? ஒரு ஒயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. துடித்தது. கூடவே பக்கத்திலிருந்த நுரையீரலும் ஊத ஆரம்பித்தது.

காப்பாட்சியர் ஓடி வந்தார். முப்பது வயதுப் பெண். தூசி ஆகாதாம், அருங்காட்சியகத்தில் வேலை. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தும்மல். "யார் சார் உங்களத் தொடச் சொன்னது?" — தும்மல் — "எப்படி சார் சரி பண்ணீங்க?" — தும்மல். அடுத்த வாரம் தொலைநோக்கியையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நாங்கள் அவருக்குத் தும்மல் மேடம் என்று பெயர் வைத்தோம்.

மார்ச் 13, வியாழன்

இன்று கீழ்த்தளத்தைப் பார்ப்போம் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஓட்டைப் பானைகள், நகராட்சித் தலைவர்களின் மீசைகள் வரிசையாக. கடைசியில் மூலை திரும்பினால் — அந்தக் கூண்டு. ஏழு மாடி வணிக வளாகத்து லிஃப்ட். போன வருடம் கட்டடத்தை இடித்தபோது கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பித்தளைக் கைப்பிடிக்குப் பாலிஷ் வேறு.

அட்டையில்: "நகரின் முதல் மின்தூக்கி. பராமரிப்பாளரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்தில் ஒருவர் காயமடைந்ததை அடுத்து நிறுத்தப்பட்டது."

பராமரிப்பாளர் நான். ஒருவர் என் மைத்துனன்.

அங்கேதான் குமாஸ்தாவாக இருந்தான். ஐந்தாம் மாடியில் இறங்கக் காலை எடுத்து வைத்தபோது கூண்டு நழுவியது. இடது கால். நான்கு மாதம் படுக்கை. வேலையை விட்டு ஜெராக்ஸ் கடை.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. முதல் கோபம் 'ஒருவர்' மேல். "ஒருவரா? பானைக்குக்கூட எந்தத் தெருவில் கிடைச்சதுன்னு எழுதியிருக்கான். நான் வெறும் ஒருவரா?" இரண்டாவது கோபம் எனக்காக. "கவனக்குறைவாம்! பிரேக் லைனிங் தேஞ்சிடுச்சுன்னு எங்க மாமா எழுதியே குடுத்தாரு. அந்த மேனேஜர்தான் மாத்தல." இதை அவன் இருபத்தேழு வருடமாகக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறான். நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

மார்ச் 14, வெள்ளி

தும்மல் மேடத்திடம் போய் நின்றோம். ஆதாரம் இருந்தால் மாற்றலாம் என்றார். மெஷின் ரூமில் ஒரு அட்டை தொங்கும், மாதா மாதம் மெக்கானிக் மேலே போய்ப் பார்த்துவிட்டு அதில் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அந்த வருடத்து அட்டையில் நான் எழுதியது இருக்கும் என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். இடித்தபோது வந்த பெட்டிகள் கிடங்கில் பிரிக்காமல் கிடக்கின்றனவாம். தேடிப் பார்க்கிறேன் என்றார். கிடங்கு என்று சொல்லும்போதே தும்மினார்.

நான் எழுதினேன். எழுதியது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

தொலைநோக்கி சரியாகிவிட்டது. அதில் மைத்துனன் கடை தெரிகிறது. அவன் மகன் கல்லாவில் தூங்குவதும் தெரிகிறது.

மார்ச் 27, வியாழன்

அட்டை கிடைத்துவிட்டது.

தும்மல் மேடம் கையுறை போட்டு, சிரித்த முகத்தோடு கொண்டுவந்தார். ஆகஸ்ட் வரிசையில் என் கோழிக்கிறுக்கல்: "பிரேக் லைனிங் தேய்ந்துள்ளது. உடனே மாற்றவும்." கீழே கையெழுத்து. "நீங்க சொன்னது சரிதான் சார். இந்த வரிய மட்டும் பெருசா பிரிண்ட் எடுத்துப் பக்கத்துல வெச்சிடலாம். லேபிளையும் மாத்திடறேன்."

மைத்துனன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டான். கண்ணாடியை வழக்கம்போல் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். "எனக்கும் ஒரு காப்பி குடுங்க மேடம். லேமினேட் பண்ணிக் கடையில மாட்டப்போறேன்."

நான் கண்ணாடி போட்டிருந்தேன்.

செப்டம்பர்: நல்ல நிலை, கையெழுத்து. அக்டோபர்: நல்ல நிலை, கையெழுத்து. நவம்பர்: நல்ல நிலை, கையெழுத்து. மூன்றும் ஒரே பேனா, ஒரே சாய்வு.

விபத்து அக்டோபர் பதினான்கு. அதன்பிறகு அந்த லிஃப்ட் ஓடவே இல்லை. ஓடாத லிஃப்ட் நவம்பரில் நல்ல நிலையில் இருப்பதாக நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

லிஃப்டைப் பார்க்கப் போகிறவன் லிஃப்டில் போக முடியாது. நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆக ஏழு மாடியும் படி, அதற்கு மேல் இரும்பு ஏணி. மாதா மாதம் எவன் ஏறுவான்? ஒரு தடவை ஏறினால் இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்குவோம். 'அட்வான்ஸ் போடுறது' என்று அதற்குப் பெயர். எல்லோரும் போட்டார்கள். டீ குடிக்கும்போது எத்தனை மாதம் போட்டோம் என்று பெருமையடித்துக்கொள்வோம்.

ஆகஸ்டில் எழுதினேன், மேனேஜர் மாற்றவில்லை. அதுவரை நான் சொல்லிவந்தது நிஜம். செப்டம்பரில் ஏறினேன், லைனிங் அப்படியேதான் இருந்தது. நம்ம பேச்சை எவன் கேக்குறான் என்ற கடுப்பில் மூன்று மாதத்துக்கும் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அக்டோபரில் ஏறவே இல்லை. ஏறியிருந்தா, இன்னும் தேஞ்சிருக்கறதப் பாத்து நிறுத்தியிருப்பேன். அந்த அதிகாரம் எனக்கு இருந்துச்சு. ஒரு சுவிட்ச். அதை இறக்கிட்டு வந்திருக்கலாம்.

மறந்துவிட்டேனா, மறந்ததாக வைத்துக்கொண்டேனா?

மார்ச் 29, சனி

மனைவியிடம் சொன்னேன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு, "நவம்பருக்குமா போட்டீங்க?" என்று சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. பேனாவை வைத்தாள்.

"நாலு மாசம் அவன நான்தான் தூக்கி உக்கார வெச்சேன்."

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லி என்ன? அவன்கிட்ட சொல்லுங்க. அவன் அந்தக் காகிதத்த மாட்றதுக்கு முன்னாடி சொல்லுங்க."

டிசம்பர் வரை போடாமல் விட்டதற்காவது மார்க் போடுவாளா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்போதுகூட எனக்கு இப்படித்தான் புத்தி போகிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

முட்டாள்கள் தினத்தில் சொன்னால் நம்பமாட்டான் என்று ஒத்திப்போட்டேன். இது சாக்கு என்று எனக்கே தெரியும்.

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லிவிட்டேன்.

முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. கிண்ணத்துக்குப் போனோம். அவன் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில், முதுகுக்கு முதுகு. அவன்தான் தொடங்கினான்: "மாமா, லேமினேஷன் ஷீட் பெரிய சைஸ் வாங்கிட்டேன்."

நான் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துச் சொன்னேன். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். ஏறவில்லை என்று. சுவிட்சைப் பற்றியும்.

அவன் மூச்சு விடுவது மட்டும் காதோரத்தில் கேட்டது. பிறகு, "காலு ஒடஞ்சு படுத்திருந்தப்ப தினம் வந்தீங்களே. அதுக்குத்தானா?" என்றான்.

"அதுக்கும்தான்."

திரும்பிப் பார்த்தபோது அவன் அங்கே இல்லை. படியில் இறங்குகிற சத்தம். ஒரு கால் பலமாக, ஒரு கால் மெல்ல.

பிறகு கீழே போய்த் தும்மல் மேடத்திடமும் நவம்பர் வரிசையைக் காட்டினேன். அவர் விரல் விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தார். முதல்முறையாகத் தும்மவில்லை. "முழு அட்டையையும் வைக்கட்டுமா சார்?" என்றார். வையுங்கள் என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அவன் வரவில்லை. தனியாக ஒரு காந்த ஊசியைச் சரி செய்தேன். கிண்ணத்தில் முகத்தை வைத்துப் பார்த்தேன். மறுகோடியில் ஒரு சின்னப் பெண் நின்று என்னிடம் தன் பள்ளி ரகசியம் மொத்தத்தையும் சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வரவில்லை. கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தொலைநோக்கியில் பார்த்தேன். வெட்கங்கெட்ட வேலைதான். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். கட்டைக் கால் மேலே.

ஏப்ரல் 24, வியாழன்

புது அட்டை வந்துவிட்டது. கூண்டுக்குப் பக்கத்தில் பளபளவென்று:

"நகரின் முதல் மின்தூக்கி. பிரேக் தேய்ந்திருப்பதாகப் பராமரிப்பாளர் ஆகஸ்டில் எழுதினார். நிர்வாகம் மாற்றவில்லை. செப்டம்பரில் பராமரிப்பாளர் மூன்று மாதங்களுக்குச் சேர்த்துக் கையெழுத்திட்டார். அக்டோபரில் மேலே ஏறவில்லை. அம்மாதம் 14ஆம் தேதி கூண்டு நழுவியதில், ஐந்தாம் மாடியில் வேலை பார்த்த குமாஸ்தாவின் இடது கால் முறிந்தது."

"ஒருவர்னுதான் நான் எழுதியிருந்தேன்" என்றார் தும்மல் மேடம். "பிரிண்ட் போடக் குடுத்த எடத்துல மாத்திட்டாங்க. எதிர்க் கடைதான்."

லேமினேஷனில் ஒரு குமிழிகூட இல்லை. நிதானமாகச் செய்திருக்கிறான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நாலரை மணிக்கு வந்தான். என்னிடம் வரவில்லை. கீழ்த்தளத்தில் இந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

"இதை யாரு பாக்குறாங்க?"

"யாரோ ஒரு கம்பெனிப் பையன்."

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க மாமா. மேல ஏறி. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

தும்மல் மேடத்திடம் சாவி வாங்கி, லிஃப்டை நிறுத்திவிட்டு, மூன்று மாடியும் அதற்கு மேல் ஏணியும் ஏறினேன். அறுபது வயது முழங்கால் ஒவ்வொரு படியிலும் என்னைத் திட்டியது. மெஷின் ரூமில் அட்டை தொங்கியது. ஏப்ரல் நல்ல நிலை, மே நல்ல நிலை, ஜூன் நல்ல நிலை. மூன்றும் ஒரே பேனா. மே, ஜூன் இரண்டையும் கோடு போட்டு அடித்தேன். பிறகு பிரேக், கயிறு, ஒவ்வொரு போல்ட்டும் — தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று.

இறங்கி வந்தபோது அவன் அதே இடத்தில் இருந்தான்.

"பாத்தேன்."

"கையக் காட்டுங்க."

காட்டினேன். இரண்டு கையிலும் முழங்கை வரை கிரீஸ். கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்தான்.

உள்ளே போனதும் மூன்றை அமுக்கினான். கதவு மூடியபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். இரண்டாம் மாடி தாண்டும்போது லேசாக ஒரு குலுக்கல். எழுத முடியாத வார்த்தையில் என்னைத் திட்டினான். மறுபடி ஒருமுறை திட்டினான். சட்டையை விடவில்லை.

மூன்றாம் மாடியில் பார்க்க ஒன்றுமே இல்லை. அத்தனையும் தற்காலிகமாக இயங்கவில்லை. ஒரு சுற்று சுற்றிவிட்டு, லிஃப்டிலேயே இறங்கினோம்.