தேவாலய முகப்பில் நான் தூங்கிப்போன இரவு

ஏப்ரல் 25, 1911

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். பாதிரியாரிடம் காட்டவே காட்டாதீர்கள்.

நேற்று மாற்கு திருநாளுக்கு முந்திய இரவு. எங்கள் ஹெல்ம்பி தேவாலய முகப்பில் அன்று விழித்திருந்தால், வருஷத்துக்குள் சாகப்போகிறவர்களின் உருவங்கள் உள்ளே போவது தெரியும். காவலிருக்கும்போது தூங்குகிறவருக்கும் சாவுதான். எங்கள் வீட்டுப் பின்கதவில் என் தோழி டில்டா இரண்டு முறை தட்டி, நகத்தால் ஒரு கீறு கீறினாள். அதுதான் அவள் அடையாளம். திருட்டுத்தனமாகப் போனோம்.

நான் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"யாரைடி பார்த்தே?"

"குறட்டை விட்டுட்டு கேள்வி வேறயா? வாயை மூடிட்டு நட."

ஏப்ரல் 29

டில்டா தன் நீல ரிப்பனை எனக்குக் கொடுத்துவிட்டாள். ஆப்பிளில் ஒரு கடிகூடத் தராதவள்! நான் சாகப்போகிறேன் என்ற பரிதாபமா?

மே 3

காற்றில் பக்கத்து ஊர் ஆஸ்பியின் சாவு மணி. குழந்தைக்கு மூன்று அடி, பெண்ணுக்கு ஆறு, ஆணுக்கு ஒன்பது. பிறகு வயதுக்கு ஒன்றாக. என் வயது பன்னிரண்டு. முதலில் ஆறு விழுந்தும், வயது எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எழுபத்தொன்று வரை போயிற்று. யாரோ ஒரு பாட்டி. சந்தோஷப்பட்டேன். சீ.

மே 9

டில்டாவுக்குக் கடும் காய்ச்சல், தொண்டை அடைப்பு. ஜன்னல் வழியாகத்தான் பேச விட்டார்கள்.

"என்னைத்தானே பார்த்தே? சொல்லித் தொலைடி."

"ஆமா, இவ பெரிய ராணி! ஒருத்தி போனா. யார்க் பட்டணத்துல வாங்கின என் பழுப்புக் கோட்டு அவ மேல. திரும்பியே பாக்கல."

"உன் கோட்டை யாருடி போட்டா?"

டில்டா ஜன்னலைச் சாத்திவிட்டாள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அந்தக் கோட்டை அவளைத் தவிர யாரும் போட்டதில்லை.

மே 11

சாயங்காலம் எங்கள் ஹெல்ம்பி மணி. முதலில் மூன்று அடி. ஊரில் மணி அடிப்பவர் டில்டாவின் அப்பாதான். எண்ணினேன். டில்டாவுக்கு என்னைவிட ஒரு வயது அதிகம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு — இதோடு நின்றுவிடட்டும், நின்றுவிடட்டும் என்று வேண்டினேன். நான்தான் வேண்டினேன்.

பதின்மூன்றாவது அடி வெகுநேரம் கழித்து விழுந்தது.

அம்மா அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், விடிந்துதான் வருவாள். ரிப்பனைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். நான் தூங்கியதால் வந்ததா? எனக்கு வந்ததை அவள் —

பின்கதவு. இரண்டு தட்டு. அம்மாவாக இருக்கும். அம்மாவாகத்தான் —

நகத்தால் ஒரு