பெயரை மறைக்கவில்லை

2025 ஜூலை 8, செவ்வாய்

காலை ஆறு மணிக்குக் கைபேசியில் ஒரு கல்யாண அழைப்பிதழ். அனுப்பியவள் எதிர்வீட்டு சுசீலா. 'குடும்பத்துடன் வந்து வாழ்த்தவும்' என்று ஒரு வரி, கீழே ஒரு கோப்பு. அவர்கள் வீட்டில் இருப்பது ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரே பெண். யாருக்குக் கல்யாணம்?

கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தது. அதாவது அது அழைப்பிதழே இல்லை, கைபேசிக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும் செயலி. சுசீலாவுக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள், அவள் திறந்திருக்கிறாள், அது அவளுக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் தானாகவே போயிருக்கிறது. மாலை எங்கள் ராணுவத் தளவாட ஃபாக்டரி கேட்டில் டோக்கனைக் கொடுத்து என் கைபேசியைத் திரும்ப வாங்கிப் பார்த்தால், எங்கள் குவார்ட்டர்ஸ் குழுவில் பதினேழு பேர் அதைத் திறந்து தொலைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் 'வாழ்த்துகள்' என்று பதில் வேறு போட்டிருக்கிறார்கள்.

அவள் கணவன் பச்சையப்பன் எங்கள் ஃபாக்டரியிலேயே பெயின்ட் அடிக்கும் பிரிவில் இருக்கிறான். "மாப்பிள்ளை எந்த ஊரு பச்சையப்பா?" என்று கேட்டேன். "இன்னா சார் பண்றது, பத்திரிகைன்னா தொறந்து பாக்காம இருப்பாங்களா" என்கிறான். இந்த நாட்டில் தேசத்தின் பாதுகாப்பு யார் கையில் இருக்கிறது என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

சுசீலா கைபேசியை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறாளாம். தண்ணீரில் விழுந்த கைபேசிக்குச் செய்கிற வைத்தியம். கஸ்தூரி வந்து சொன்னாள். சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. கஸ்தூரி சிரிக்கவில்லை. இருபத்து நான்கு வருடமாகப் பார்க்கிறேன், என் மனைவிக்கு நகைச்சுவை கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும்.

ஜூலை 14, திங்கள்

குடியிருப்போர் சங்கத் தலைவர் தங்கராஜ் வீட்டுக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பங்களுக்கு இணையப் பாதுகாப்பு பற்றி ஒரு கூட்டம், நான்தான் பேச வேண்டுமாம். "உங்களை விட்டா இங்க யாரு சார் இருக்கா?" உண்மைதான். யாரும் இல்லை. தங்கராஜ் தன் கடவுச்சொற்களைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்திருப்பவர். பால் கணக்குக்குப் பக்கத்தில்.

ஜூலை 19, சனி

ஸ்லைடுகள் தயார். மொத்தம் இருபத்தாறு. திருச்சி விடுதியில் இருக்கும் தீபிகாவுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டேன். மகள் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்: "பதினொண்ணாவது ஸ்லைடுல சுசீலா ஆன்ட்டி பேரை மறைச்சிடுங்கப்பா."

எதற்கு மறைக்க வேண்டும்? குழுவில் நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்ததுதானே? கற்பனைக் கதை சொன்னால் ஒருவன் காதிலும் ஏறாது. எதிர்வீட்டில் நடந்தது என்றால்தான் உறைக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

அமோகம். நாற்பது பேராவது வந்திருப்பார்கள். பாதிப் பேர் சுண்டலுக்காக என்று வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கடவுச்சொல். ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. கணினியில் முன்பின் தெரியாதவன் சொல்லும் எதையும் இறக்கக் கூடாது. காவல்துறை வீடியோவில் வந்து யாரையும் கைது செய்யாது, அப்படி ஒரு சட்டமே இல்லை. ஏமாந்தால் உடனே 1930, சைபர் குற்ற உதவி எண். குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். கஸ்தூரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

பதினொன்றாவது ஸ்லைடு. சுசீலாவின் பெயர், அவள் படம், 'குடும்பத்துடன் வந்து வாழ்த்தவும்'. நான் ஒன்றும் சொல்லவில்லை, "மொய் எழுதினவங்க யாராவது இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டேன். கூரை பிய்த்துக்கொண்டு போகும் அளவுக்குச் சிரிப்பு. அரிசி டப்பாவையும் சொன்னேன். சுசீலா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். பாடம் என்றால் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

திரும்பி வரும்போது கஸ்தூரி எனக்கு முன்னால் நடந்தாள். எப்படி இருந்தது என்று நானே கேட்டேன். "நல்லாத்தான் பேசுனீங்க" என்றாள். அவ்வளவுதான். கை தட்டினவர்களுக்கு இருந்த ரசனை கட்டின மனைவிக்கு இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

கூட்டத்துக்குப் பிறகு ஆளாளுக்குச் சந்தேகம். ஆகவே ஓர் அறிவிப்பு எழுதிப் பலகையில் ஒட்டினேன். 'இணையப் பாதுகாப்பு ஆலோசனைக்கு அணுகவும்: இரா. உத்தமன், சார்ஜ்மேன். பணி நேரத்தில் (காலை 8 முதல் மாலை 5 வரை) கைபேசி கேட்டில் இருக்கும் என்பதால் அவசரத்துக்குத் திருமதி கஸ்தூரியை அழைக்கவும்.' கீழே அவள் எண். தங்கராஜ் அதைப் படமெடுத்து எல்லாக் குழுக்களிலும், சங்கத்தின் முகநூல் பக்கத்திலும் போட்டார். பதவிக்கு வந்து அவர் செய்த முதல் உருப்படியான காரியம்.

ஜூலை 30, புதன்

அவசர அழைப்புகளின் லட்சணம்: டிவி ரிமோட் வேலை செய்யவில்லை - ஒன்று. பேரனின் வீடியோ கேமில் சத்தம் வரவில்லை - ஒன்று. ஆதார் கார்டில் தன் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, மாற்ற முடியுமா - ஒன்று. எல்லாவற்றுக்கும் கஸ்தூரி பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறாள். முட்டாள்களிடம் பேச அவளுக்கு நன்றாக வருகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் கணினியின் ஒயர்கள் எல்லாம் பிடுங்கிக் கிடந்தன. கஸ்தூரி தரையில். அவள் பக்கத்தில் சுசீலா உட்கார்ந்து மோர் குடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். சுசீலாதான் சொன்னாள்.

காலை எட்டே முக்காலுக்கு அழைப்பு. மும்பை போலீசாம். கஸ்தூரியின் பெயரில் போதைப் பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறதாம். உன் கணவர் உத்தமன் பாதுகாப்புத் துறையில் சார்ஜ்மேன், இப்போது உள்ளே இருக்கிறார், கைபேசி அவரிடம் இல்லை, ஐந்து மணிக்குள் விசாரணை முடியாவிட்டால் கேட்டிலேயே அவரையும் பிடிப்போம், யாரிடமாவது வாயைத் திறந்தால் அவர் வேலை போகும் - எல்லாம் தெரிந்திருக்கிறது, படுபாவிக்கு. கணினியில் ஏதோ ஒன்றை இறக்கச் சொல்லியிருக்கிறான். இறக்கியிருக்கிறாள். கேமரா முன்னால் உட்காரச் சொல்லியிருக்கிறான். உட்கார்ந்திருக்கிறாள். ஐந்தரை மணி நேரம். திரையில் சீருடை போட்ட ஒருவன். ஆதார், என் பணி அடையாளச் சீட்டின் நகல், தீபிகாவின் புகைப்படங்கள் எல்லாம் அந்தக் கணினியில். வங்கி விவரம் கேட்க ஆரம்பித்த நேரத்தில்தான் சுசீலா வந்திருக்கிறாள். நடுவில் அவன் அனுமதித்து அடுப்பில் வைத்த பருப்பு தீய்ந்த வாடை எதிர்வீடு வரைக்கும் போயிருக்கிறது.

"அடுப்பை அணைச்சிட்டு வரட்டுமா சார்னு கேட்டுகினு ஒக்காந்துனு கீறாங்க அக்கா. அவன் வேணான்றான். எனக்கு ஒடம்பெல்லாம் பத்திகிச்சு. போலீசுன்னா ஊட்டுக்கு வந்து கதவத் தட்டுவான், பொட்டிக்குள்ளயா வந்து ஒக்காருவான்? இழுத்துட்டேன் ஒயர."

நான் கஸ்தூரியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். "நான் கூட்டத்துல இதையேதானே சொன்னேன்?"

சுசீலா எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நேற்றே 1930இல் பதிவு செய்ததால் இன்று சைபர் பிரிவுக்கு வரச் சொன்னார்கள். ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர், தீபிகாவைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். "அம்மா நம்பர், உங்க வேலை, டூட்டி டைம், கைபேசி வெளிய இருக்கும்ங்கிறது, இதெல்லாம் அவங்களுக்கு எப்படி சார் கிடைச்சது?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் என் பெயரைத் தட்டினாள். அரை நிமிடம் ஆகவில்லை, முகநூலில் தங்கராஜ் போட்ட அறிவிப்பு வந்து நின்றது. மேலே பெரிய எழுத்தில் 'இணையப் பாதுகாப்பு'.

"இதை யார் சார் எழுதினது?"

"சங்கத்துல எழுதியிருக்காங்க" என்றேன்.

கஸ்தூரி என்னைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்தாள். ஒரு அயோக்கியன் கேட்ட எல்லாவற்றுக்கும் ஐந்தரை மணி நேரம் உண்மையையே சொன்னவள், எனக்காக வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பலகையில் இருந்த அறிவிப்பைக் கிழித்தேன். முகநூலில் இருப்பது அப்படியே இருக்கிறது. பக்கத்தின் கடவுச்சொல் தங்கராஜுக்கு மறந்துவிட்டதாம், காலண்டரில் அந்த மாதத்தைக் கிழித்துவிட்டாராம். இந்த ஆளைத் திட்டுவதற்குக்கூட எனக்கு இப்போது வாய் வரவில்லை. கணினியைத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன். தீபிகாவிடம் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மனது தாங்காமல் இன்று கேட்டுவிட்டேன். அவ்வளவு நேரத்தில் ஒரு முறைகூடவா சந்தேகம் வரவில்லை?

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "பன்னெண்டு மணி வாக்குல வந்துச்சு. நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, போலீஸ் வீடியோவுல வராதுன்னு."

"அப்புறம் ஏன் கட் பண்ணல?"

"நிஜமா இருந்தா ஜெயில். பொய்யா இருந்தா உங்க ஸ்லைடு. ரெண்டுல எது தேவலைன்னு யோசிச்சிட்டே இருந்தேன்."

நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். கூட்டத்தில் சிரித்த நாற்பது பேரையும் திட்டலாம் என்று பார்த்தால், சிரிக்க வைத்தவன் ஒருவன்தான். இருபத்தாறு ஸ்லைடு போட்டேனே, அறிவாளி. 'ஏமாந்துட்டேன்னு வந்து சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்' என்று ஒரு ஸ்லைடு போட்டிருக்கலாமில்ல? தோணலையே. ஒருத்தனுக்கு இவ்வளவு திமிர் ஆகாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சுசீலா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். எதிர்க் கதவைத் தட்ட எனக்குப் பதினோரு நாள் ஆகியிருக்கிறது. சரியாகக் கேட்கவும் வரவில்லை. "அன்னைக்குக் கூட்டத்துல கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்" என்றேன். 'கொஞ்சம்' என்று சேர்க்காமல் இருந்திருக்கலாம்.

"உடு சார்" என்றாள். "என் பொண்ணுதான் ஒரு வாரம் இஸ்கூல் பஸ்ல ஏற மாட்டேன்னு அழுதுகினு இருந்திச்சு. இப்ப சரியாயிடுச்சு. ஒண்ணு தெரியுமா, நீ படம் காட்னதுலருந்து எந்த ஊட்ல இன்னா ஆனாலும் பொம்பளைங்க எங்கிட்டதான் வர்றாங்க. இவளே ஏமாந்தவதான், இவ சிரிக்க மாட்டான்னு."

டீ கொடுத்தாள். சர்க்கரை அதிகம். முழுவதையும் குடித்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மறுபடி ஒரு கூட்டம் வைக்கலாமா என்று தங்கராஜ் கேட்டார். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். "உங்களை விட்டா யாரு சார்" என்றார். இந்த மனிதருக்கு இன்னும் எதுவும் விளங்கவில்லை. சுசீலாவைக் கேளுங்கள் என்றேன், வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சாயங்காலம் மாடிப்படியில் பச்சையப்பன் எதிரே வந்தான். "நல்ல வேளை சார் இன்னிக்கு. அக்கா உடனே வந்துட்டாங்க."

நான் புரியாமல் நின்றதை அவன் கவனிக்கவில்லை. காலையில் கஸ்தூரிக்கு மறுபடி ஓர் அழைப்பு. கூரியர் அலுவலகத்திலிருந்தாம், ஏதோ எண்ணை அழுத்தச் சொன்னானாம். அவள் கைபேசியோடு நேராக எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறாள். சுசீலா அதை வாங்கி அழைப்பைத் துண்டித்துவிட்டு, உடனே 1930க்கும் சொல்லியிருக்கிறாள். "அக்கா பயந்துகினுதான் வந்தாங்களாம். அப்பால ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு சிரிச்சினு இருந்தாங்க. உனக்குத் தெரியும்தானே சார்?"

"தெரியும், சொன்னா" என்றேன்.

பத்தரை மணி இருக்கும் என்றான். பத்தரைக்கு நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கூடத்தில்தான். கணினிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக் கால் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரி உள்ளேயிருந்து கைபேசியைக் கையில் பிடித்தபடி வேகமாக வந்தது நினைவிருக்கிறது. என்னைத் தாண்டாமல் வாசலுக்குப் போக முடியாது. ஒரு நொடி நின்றாள். நான் கால்களை மடக்கி வழி விட்டேன்.